கியர் பெட்டிக்குள்ளே பிரேக்!
நூறு வயதுக் காரைக் காப்பாற்றுவது எப்படி?

தாத்தா காலத்துக் கார் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் போர்டு கம்பெனி செய்த "மாடல் டி" கார்தான் அது!

இந்தக் கார் 1908-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அப்போது விலை 850 டாலர். விலையைக் குறைத்துக்கொண்டே போனார், ஹென்றி போர்டு. 1925-ல் 260 டாலருக்கே ஒரு கார் கிடைத்தது. சாதாரண விவசாயியும் கார் வாங்கினான். 1927 வரை 1½ கோடி கார்கள் செய்யப்பட்டன.

இன்றும் பலர் இந்தக் காரைப் பிள்ளைபோல் பேணி ஓட்டுகிறார்கள். அவர்கள் கண்ணும் கருத்துமாகக் கவனிப்பது கியர் பெட்டியைத்தான். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து!

3 பெடல்கள்

இந்தக் காரின் காலடியில் 3 பெடல்கள் உண்டு. இடது பெடலை முழுவதும் மிதித்தால், கார் மெதுவாக முன்னே போகும். பாதி மிதித்தால் நிற்கும். காலை எடுத்தால் வேகமாக ஓடும்! நடுப் பெடல் பின்னால் போவதற்கு. வலது பெடல் பிரேக்.

கியர் பெட்டிக்குள் 3 உருளைகள் சுழல்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் இரும்புப் பட்டை. பட்டையின் உட்புறத்தில் பருத்தி நாடா. பெடலை மிதித்தால் பட்டை இறுகி, உருளையைப் பிடித்து நிறுத்தும்.

பிரேக் பெடலும் சக்கரத்தைப் பிடிப்பது இல்லை. பெட்டிக்குள் உள்ள உருளையைத்தான் பிடிக்கிறது. நாடா தேய்ந்தால் பிரேக்கும் போய்விடும்!

எண்ணெய்தான் உயிர்

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே எண்ணெய். நாடாவிலிருந்து உதிரும் பஞ்சு அந்த எண்ணெயில் கலக்கும். எண்ணெய் போகும் குழாயை அது அடைத்தால், எஞ்சினே கெட்டுவிடும். ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றுகிறார்கள்.

எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, காரின் அடியில் 2 சிறு குழாய்கள் உள்ளன. கீழ்க் குழாயைத் திறந்தும் எண்ணெய் வராவிட்டால், காரை ஓட்டவே கூடாது.

நழுவிய திருகாணி

பட்டை தளர்ந்தால் பெடல் தரையைத் தொடும். அதிகமாக முடுக்கினால், உருளையில் உரசி நாடா வீணாகும். இரண்டும் தவறு.

மெது வேகப் பட்டையை வெளியிலிருந்தே முடுக்கலாம். மற்ற இரண்டுக்கும் மூடியைத் திறக்கவேண்டும். அப்போது ஒரு சிறு திருகாணி உள்ளே விழுந்தாலும் வந்தது வினை! சுழலும் காந்தங்களில் சிக்கி, உள்ளே இருப்பதை எல்லாம் உடைத்துவிடும். அதனால் அனுபவசாலிகள் முதலில் திறப்பைத் துணியால் அடைக்கிறார்கள். அப்புறம்தான் திருப்புளியைத் தொடுகிறார்கள்.

பருத்திக்குப் பதில் மரம், கெவ்லார் என்ற செயற்கை நார் ஆகியவையும் இப்போது வந்துவிட்டன.

மறைந்திருக்கும் எமன்

பெரிய ஆபத்து காரின் பின்புறத்தில் இருக்கிறது. பின் அச்சுக்குள் மெதுவான வெள்ளை உலோகத்தால் ஆன வளையங்கள் உண்டு. பல ஆண்டுகள் ஆனதும் அவை நொறுங்கும். பற்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கியர் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

அப்போது பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பயன் இல்லை. பெட்டிக்குள் உருளை நிற்கும், கார் நிற்காது! மலை இறக்கத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

பின் சக்கரங்களைப் பிடிக்கும் கைப் பிரேக் ஒன்று உண்டு. ஆனால் அது நின்ற காரை நகராமல் வைக்கவே ஏற்றது. அதனால் விவரம் அறிந்தவர்கள் பழைய வளையங்களை எடுத்துவிட்டு, வெண்கல வளையம் போடுகிறார்கள். பின் சக்கரங்களில் தனியாக வேறு பிரேக்கும் பொருத்துகிறார்கள்.

பழைய காருக்குப் பளபளப்பான வர்ணம் அழகுதான். ஆனால் அதில் ஏறும் மனைவி மக்களைக் காப்பாற்றுவது வர்ணம் அல்ல; கண்ணுக்குத் தெரியாத அந்த நாடாவும் வளையமும்தான்!