உங்கள் நாற்காலிக்கு விலை வைப்பது யார்?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் ரேம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எட்டு மணி நேரம் எதன் மேல் உட்காரப் போகிறோம் என்று கேட்பவர் குறைவு. எங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் கட்டில்தான் நாற்காலி, மடிதான் மேஜை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனிகள் சொன்ன பிறகுதான் பலருக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் தெருவின் பழைய சாமான் கடையில் ஒரு வேடிக்கை. ஒரு பக்கம் நாற்காலி தேடி ஆட்கள் வருகிறார்கள். இன்னொரு பக்கம் காலி செய்யப்பட்ட ஆபீஸ்களிலிருந்து சக்கர நாற்காலிகள் மினி வேனில் வந்து இறங்குகின்றன. கடைக்கார பாயிடம் கேட்டேன். "ஆபீஸ் திறந்தா புதுக் கடைக்காரனுக்கு யோகம் சார், மூடினா எனக்கு யோகம்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். நாற்காலி வேண்டும் என்பதற்காக யாரும் ஆபீஸ் திறப்பதில்லை. ஆள் எடுத்தால் இடம் வாடகைக்கு எடுப்பார்கள். இடம் எடுத்தால் மேஜை, நாற்காலி, டிராயர், தடுப்பு எல்லாம் வாங்குவார்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்து, பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க ஐ.டி. கட்டடங்கள் எழுந்தபோது இந்தச் சங்கிலி மேல் நோக்கி ஓடியது. 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அதே சங்கிலி பின்னோக்கி இழுத்தது. சம்பளத்தை நிறுத்த முடியாது, புது மாடியைத் தள்ளிப் போடலாம் அல்லவா? இன்னொரு பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம். ஒதுக்கிய பணம் மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும் என்பதால் நிதியாண்டுக் கடைசியில் அங்கே ஒரு அவசரம் தெரியும்.

அடுத்தது வரி. இங்குதான் வீட்டு உபயோகிப்பாளராகிய நாம் கவனிக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த ரக நாற்காலிக்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 18 ஆகக் குறைத்தார்கள். 8,000 ரூபாய் நாற்காலி 10,240-லிருந்து 9,440-க்கு இறங்கியது. ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கம்பெனி அந்த 1,440 ரூபாய் வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் பொதுவாகக் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வாங்கும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது. வேலை கம்பெனிக்கு, வரி நமக்கு! எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நாற்காலிக்கு அலவன்ஸ் தருகிற கம்பெனியில் நீங்கள் இருந்தால், வெட்கப்படாமல் கேளுங்கள்.

தேய்மானக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். கம்பெனிகள் வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் (2017 மார்ச் வரை 60) தேய்மானம் காட்டலாம். மேஜை, நாற்காலிக்கு 10 சதவீதம்தான். 100 ரூபாய்க்கு வாங்கிய கம்ப்யூட்டர் 3 ஆண்டில் ஏட்டில் சுமார் 22 ரூபாய். நாற்காலியோ இன்னும் 73 ரூபாய். அதனால் கம்ப்யூட்டரை மாற்ற அவசரப்படுகிறவர்கள் நாற்காலியை மாற்ற யோசிப்பார்கள். ஆபீஸையே காலி செய்யும்போது, நிறைய உழைப்பு மிச்சமிருக்கிற நாற்காலிகள் மொத்தமாக வெளியே வருகின்றன. பாய் கடைக்கு வருவது அந்தச் சரக்குதான்.

விலைக்கு இன்னொரு பிடி கடலில் இருக்கிறது. நாற்காலியை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர், சக்கரம் போன்றவை சீனாவிலிருந்து ஏராளமாக வருகின்றன. டாலர் ஏறினாலும் கப்பல் வாடகை ஏறினாலும் விலையும் ஏறும். 2020 பட்ஜெட்டில் ஃபர்னிச்சருக்கான சுங்க வரியை 20-லிருந்து 25 சதவீதமாக்கினார்கள். ஊரடங்கு வந்தது அடுத்த மாதம். 2021-ல் கன்டெய்னர் வாடகை எகிறியது; இரும்பு விலையும் சேர்ந்துகொண்டது. தூத்துக்குடியில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சர்வதேச ஃபர்னிச்சர் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். மரம் இறங்கும் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் இடத் தேர்வு சரி என்பேன்.

பழைய நாற்காலி வாங்குவதாக இருந்தால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் மானிட்டரைச் சோதிப்பது போலவே சோதியுங்கள். உயரமாக ஏற்றி வைத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து பேரம் பேசுங்கள். எழுந்திருப்பதற்குள் நாற்காலி தானாகக் கீழே இறங்கியிருந்தால் சிலிண்டர் போய்விட்டது. கவிழ்த்துப் போட்டு, ஐந்து கால் அடிப்பாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, தைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்படி உயரத்தை வையுங்கள். கால் தரையில் எட்டவில்லையா? பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டு போதும்.