தீர்ப்பிடாமையும் மன்னிப்பும்: கொல்லிமலை தரும் பாடம்

மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் கற்பித்தவற்றுள் சபையார் அடிக்கடி எடுத்துக்கூறுவதும், அதே அளவுக்குத் தவறாகப் பொருள்கொள்வதும், பிறரைத் தீர்ப்பிடலாகாது என்னும் போதனையாகும் (மத். 7:1-5). தவறிழைத்தவர் எவரும் தம்மைக் கேள்வி கேளாதபடி இதனைக் கேடயமாக்கிக்கொள்கிறார். குற்றங்காண்பவரோ இது தமக்குரியதன்று என்றிருக்கிறார். இவ்விருவருக்கும் இடையே நிற்கும் ஆயரின் பொறுப்பு யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. சொல்லும் பொருளும்

'கிரினோ' என்னும் கிரேக்க வினைச்சொல்லுக்குப் பகுத்தறிதல், முடிவு செய்தல், தண்டனைத் தீர்ப்பளித்தல் எனப் பல பொருள்கள் உண்டு. ஆண்டவர் பகுத்தறிதலை விலக்கவில்லை. தன் கண்ணிலுள்ள உத்திரத்தை அகற்றியவன் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கலாம் என்றே அவர் கூறுகிறார். தவறிய சகோதரனுக்கு உணர்த்தும் முறையையும் இதே நற்செய்தி நூல் வகுத்துரைக்கிறது (மத். 18:15-17). ஆகவே இங்கு விலக்கப்படுவது, ஒருவரைக் குறித்து இறுதித் தீர்ப்பு எழுதிவிடும் துணிவே எனலாம்.

லூக்கா இப்போதனையோடு மன்னிப்பையும் இணைக்கிறார் (6:37). அவர் ஆளும் 'அப்பொலுவோ' என்னும் சொல்லுக்குக் கட்டவிழ்த்தல், விடுதலை செய்தல் என்பது பொருள். பரபாசை விடுவிக்கும்படி மக்கள் கேட்ட இடத்திலும் இச்சொல்லே வருகிறது (23:18). எனவே மன்னிப்பு என்பது, நம் தீர்ப்பாகிய சிறையினின்று ஒருவரை வெளியே விடுவதாகும்.

2. மலையில் நடந்தது

சேலம் - நாமக்கல் சமவெளியில், கொல்லிமலையை அடுத்த சேந்தமங்கலத்தில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்டு பணியாற்றினார். அவரும் துணைவியார் எவலினும் பின்னர் மலைமேல் குடியேறி, மலையாளிப் பழங்குடி மக்களிடையே மருத்துவமும் கல்வியும் நற்செய்திப் பணியும் செய்தனர். அங்கிருந்த பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாய் எதிர்த்துவந்தார். 1918-19இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா கொள்ளைநோய் மலையையும் தாக்கிற்று. பூசாரியும் அவர் மனைவியும் நோயுற்றபோது பிறர் நெருங்க அஞ்சினர். பிராண்டு தம்பதியரே பணிவிடை செய்தனர். இறக்குந் தறுவாயில் பூசாரி தம் பெண்குழந்தையைப் பிராண்டிடம் ஒப்படைத்தார். அக்குழந்தை ரூத் எனப் பெயர் பெற்றது. மலையில் சபை அதன்பின்னரே வேரூன்றலாயிற்று.

3. மன்னித்தவர் யார்?

நம் பிரசங்கங்களில் இது மிஷனெரியின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்லும்போது நாமும் அப்பூசாரிக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவர் தம் மக்களின் வழிபாட்டைக் காக்க நின்றவர். அயலாட்சிக் காலத்தில் மலையேறி வந்த வெள்ளையரை அவர் ஐயுற்றதில் வியப்பில்லை. அந்த ஐயத்தை விட்டுவிட்டுத்தான் தம் மகளை அவர் கையில் கொடுத்தார். பிராண்டு அவ்வாசலில் சென்று நின்றது மன்னிப்பெனில், பூசாரி கதவைத் திறந்ததும் மன்னிப்பே. கொள்ளைநோய்க்கு முன் எவரேனும் அவரைக் குறித்துக் கணக்கை முடித்திருப்பின், அது பிழையாகவே முடிந்திருக்கும். களைகளை அறுவடைமட்டும் விட்டுவைக்குமாறு எஜமான் பணித்ததன் காரணம் இதுவே (மத். 13:24-30).

4. ஆயரின் கடமை

சபைப் பணத்தில் கைவைத்தவரிடம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். எளியோருக்குத் தீங்கிழைப்பவரைத் தடுக்கத்தான் வேண்டும். தீங்குற்றவரை உடனே மன்னிக்குமாறு நெருக்கும் உரிமையும் நமக்கில்லை. ஆனால் 'இவர் இனித் திருந்தார்' என்னும் சொல் நம் வாயினின்று பிறக்கலாகாது. சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றவர், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர் ஆகியோரின் வீடுகள் நம் சந்திப்புப் பட்டியலினின்று மெல்ல மறைந்துபோவதை நாம் அறிவோம். அவ்வீடுகளில் நோயோ மரணமோ நேரும் நாளில் நமக்காகக் கதவு திறக்கப்படவேண்டுமாயின், அதற்கு முன்னரே நம் தீர்ப்பை நாம் கட்டவிழ்த்திருத்தல் வேண்டும்.