தலையில் அடிபட்ட பிறகு விடாத தலைவலி: அல்ட்ராசவுண்டால் குறையுமா?

பைக்கில் இருந்து விழுந்ததில் தலையில் அடி. சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சு, 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட்டும் வந்தாச்சு. ஆனால் மாதங்கள் ஓடியும் தலைவலி மட்டும் விடவில்லை. போதாக்குறைக்கு, 'ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன?' என்று சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள்.

இது கற்பனை வலி இல்லை. தலைக்காயம் பட்ட 7 நாட்களுக்குள் தொடங்கும் தலைவலியை சர்வதேச தலைவலிச் சங்கம் தனி வகையாகவே பட்டியலிட்டிருக்கிறது. 3 மாதத்தைத் தாண்டினால் 'நீடித்த' வகை. பலருக்கு மைக்ரேன் போலவே வெளிச்சம் கூசும், சத்தம் தாங்காது. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். வலியைக் கையாளும் நரம்புப் பாதைகளில் வந்த மாற்றத்தைக் காட்டாது. அந்தப் பாதைகளை மருந்தோ கத்தியோ இல்லாமல் தொட முடியுமா என்ற தேடலில்தான் ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட் வருகிறது.

எப்படி வேலை செய்கிறது?

பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிப்பதைப் போல, காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை மூளைக்குள் ஒரு சிறு இடத்தில் குவிக்கிறார்கள். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, அதிக ஆற்றலில் திசுவைச் சுட்டு அழிப்பது. கை நடுக்க நோய்க்கு 2016-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது இதைத்தான். தலைவலிக்கு ஆராயப்படுவது குறைந்த ஆற்றல் ரகம். இது எதையும் சுடாது. நரம்பு செல்களின் செயல்பாட்டைச் சற்று நேரம் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். மின்சாரம், காந்தம் மூலம் தூண்டும் முறைகளால் எளிதில் எட்ட முடியாத ஆழத்தையும் ஒலி எட்டும் என்பதுதான் இதன் ப்ளஸ்.

2024-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர் வின் லெகான் குழு, வலியை உணர்வதில் பங்குள்ள 'இன்சுலா' என்ற ஆழமான பகுதியைக் குறிவைத்தது. 23 பேரின் புறங்கையில் சூடு வைத்து, வலி எவ்வளவு என்று கேட்டார்கள். 0 முதல் 9 வரையிலான அளவுகோலில் சராசரியாக முக்கால் புள்ளி குறைந்தது.

முக்கால் புள்ளிதானா என்று தோன்றலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த 23 பேரும் ஆரோக்கியமானவர்கள் என்பது. சில நொடி சூடும் மாதக்கணக்கில் தொடரும் தலைவலியும் ஒன்றல்ல. மண்டை ஓட்டின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், அதற்கேற்ப ஒலியும் சிதறும். தலைவலியில் மருந்தே இல்லாத போலி சிகிச்சைக்கும் கணிசமானோர் 'குறைஞ்சிருக்கு' என்பார்கள். அதனால் போலிக் கருவியோடு ஒப்பிட்டு, அடிபட்டவர்களிடமே சோதித்தால்தான் பதில் தெரியும். இதற்கான சிகிச்சையாக இது இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. யாராவது பேக்கேஜ் போட்டு விற்றால் உஷார். ஃபிசியோதெரபி அல்ட்ராசவுண்ட் கருவியைத் தலையில் வைத்துப் பார்ப்பதும் கூடாது.

இப்போதைக்கு மைக்ரேன் மருந்துகளைத்தான் நரம்பியல் டாக்டர்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மெடிக்கலில் நாமே வாங்கிப் போடும் சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளைத் தொட்டு, அது 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். அடிபட்ட பிறகு வாந்தி, குழப்பம், கை கால் பலவீனம் இருந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்க.