முருகைத் தொட்டியில் மீன்களின் கூட்டுவாழ்வு

கடலில் அயலயலே வாழும் மீன்கள் யாவும் ஒரு தொட்டியிலும் ஒருங்கு வாழும் எனக் கருதுதல் தவறாகும். கடலில் தோற்ற மீன் தப்பியோடும். கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் புகலில்லை. 500 லீற்றர் கொள்ளும் பெருந்தொட்டியும் கடலை நோக்கச் சிறு குழியேயாம். ஆதலின் மீனின் அழகினும் அதன் இயல்பே முதற்கண் ஆராயற்பாலது.

முதலாவது உணவு. வண்ணாத்தி மீன்களுட் பல முருகையுயிர்களைக் கொறித்துத் தின்பன. சிங்க மீனோ தன் வாய்க்கு அடங்கும் சிறு மீன்களை விழுங்கிவிடும்.

இரண்டாவது உறவு. உருவும் உணவும் ஒத்த மீன்களே பெரிதும் தம்முட் பொருவன. கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்வன. அவற்றுட் பெரியது பின்னர்ப் பெண்ணாகும். எனவே, பருமனில் வேறுபட்ட இளமீன்கள் இரண்டினைச் சேர்த்துவிடின் அவை பெரும்பாலும் சோடியாகும்.

மூன்றாவது வரிசை. முன்வந்த மீன் தொட்டியைத் தன் ஆட்சியிடமாகக் கொள்ளுமாதலின், சாதுவானவற்றை முன்னும் போர்க்குணமுடையவற்றைப் பின்னும் விடுதல் வேண்டும்.

இலங்கைக் கடலிலிருந்தும் இத்தகைய மீன்கள் பிடிக்கப்பட்டுப் பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. பொருந்தாத் தேர்வினால் மாளும் ஒவ்வொரு மீனும் முருகைக்கற்பாறையொன்று வீணே இழந்த உயிராகும் என்பதை வளர்ப்போர் மறத்தலாகாது.