தொழிலுக்கும் சுற்றம் வேண்டும்

நம் நாட்டில் ஊர்களுக்குப் பெயர் சூட்டும் பாக்கியம் நெடுங்காலமாகத் தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் மரங்களுக்குமே உரியதாக இருந்து வந்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே சிறிது தூரம் பிரயாணம் செய்தாலே இது விளங்கும். திருநீர்மலை பெருமாள் கோயில் கொண்ட ஊர். பனையூர் பனை மரத்தால் பெயர் பெற்றது. பல்லாவரமோ பல்லவ மன்னர்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் பல்லாவரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தில் இந்த வழக்கம் மாறிவிடுகிறது. அந்த ஊரின் பெயர் குரோம்பேட்டை. தோல் பதனிட உதவும் குரோமியம் என்னும் உலோகமே அங்கே பெயர் சூட்டியிருக்கிறது. குரோம் லெதர் கம்பெனி என்ற தொழிற்சாலை அவ்விடத்தில் அமைந்தது. அதை அண்டி ஒரு பேட்டை எழுந்தது. கம்பெனியின் பெயரே ஊரின் பெயராயிற்று.

ஒரு கம்பெனி எப்போது ஓர் ஊருக்குப் பெயர் கொடுக்கிறது? அதன் வாழ்வு தன் மதிலைத் தாண்டி அக்கம்பக்கத்திலும் பரவும்போதுதான். திருவள்ளுவர் 'சுற்றந்தழால்' என்று தனி அதிகாரமே வகுத்தார். அதை அவர் பொருட்பாலில் வைத்திருப்பது கவனிக்கத் தக்கது. செல்வத்துக்கும் சுற்றத்துக்கும் உள்ள தொடர்பு நம் முன்னோர் அறியாததன்று. ஜேம்ஸ் மூர் என்ற அமெரிக்க ஆசிரியர் 1993-ம் வருஷத்தில் இதே கருத்தை வேறொரு வகையில் எடுத்துரைத்தார். காட்டில் மரமும் கொடியும் வண்டும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வது போல, கம்பெனிகளும் தம்மைச் சூழ்ந்த பல தொழில்களோடு கூடியே வளர்கின்றன என்று அவர் எழுதினார். இந்தச் சூழலை நாம் 'தொழிற் சுற்றம்' என்று சொல்லலாம். அது எவ்வாறு உண்டாகிறது, அதனால் யாருக்கு என்ன லாபம், அந்தச் சுற்றத்தில் யார் யாரைச் சேர்த்து எண்ண வேண்டும் என்பவற்றை அறிவதற்குப் பல்லாவரத்தைக் காட்டிலும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

முதலில் பழைய கதையைச் சிறிது பார்ப்போம். சென்னை ராஜதானியில் தோல் பதனிடுவது புதிய தொழிலன்று. ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட நம் தோல்கள் பல்லாண்டுகளாகச் சீமைக்கு ஏற்றுமதியாகி வந்தன. ஆனால் அவை அரைகுறையாகப் பதனிட்ட தோல்களே. இங்கே பாதி வேலை நடக்கும். மீதி வேலையும் பெரும்பகுதி லாபமும் கடலுக்கு அப்பால் நடக்கும். பிறகு பளபளக்கும் பூட்ஸுகளாகவும் பைகளாகவும் அதே தோல் நம்மிடம் திரும்பி வந்து அதிக விலைக்கு விற்கும்.

இதற்கிடையில் அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் குரோம் முறை கண்டுபிடிக்கப்பட்டது. மரப்பட்டையினால் வாரக் கணக்கில் நடைபெறும் வேலையை அது சில நாட்களில் முடித்துவிடும். சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1903-ம் வருஷத்தில் சர்க்கார் உதவியுடன் அந்த முறையை இங்கே பரீட்சிக்கத் தொடங்கினார். அவர் முதலில் கருதிய பொருள்களில் ஒன்று பூட்ஸ் அன்று. நம் உழவர்கள் கவலை இறைக்கும் தோற்சால்! பட்டையால் பதனிட்ட தோல் ஓயாமல் தண்ணீரில் ஊறினால் விரைவில் கெடும். குரோம் தோல் நீருக்கு ஈடுகொடுக்கும். தமிழ் நாட்டுக் கிணற்றின் தேவை ஒன்று ஒரு புதிய தொழிலுக்கு வாயிலைத் திறந்துவிட்டது.

சர்க்கார் தொழில் நடத்துவது ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1910-ம் வருஷத்தில் இந்தியா மந்திரி மார்லி பிரபு, இத்தகைய முயற்சிகளில் சர்க்கார் இறங்கலாகாது என்று உத்தரவிட்டார். சர்க்காரின் தோல் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. ஆனால் தொழிற்சாலையை விற்கலாம். கைகள் கற்றுக் கொண்ட வித்தையை யார் விற்க முடியும்? குரோம் முறை ராஜதானியில் வேரூன்றிவிட்டது. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்துக்கு அருகில் நிலைபெற்று, நாளடைவில் பெரிய ஸ்தாபனமாயிற்று.

இனி ஒரு தோல் செருப்பாக மாறுவதற்கு எத்தனை பேர் துணை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கிராமந்தோறும் தோல் வாங்கிச் சேர்ப்பவர் ஒருவர். அது அழுகாதபடி உப்பிட்டு அடுக்குபவர் ஒருவர். சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் விலை பேசுபவர் ஒருவர். சுண்ணாம்பு கொண்டுவருபவர், பட்டையும் ரசாயனச் சரக்கும் விற்பவர், தோல் சுழலும் மரப் பீப்பாய்களைச் செய்பவர், யந்திரம் பழுதானால் ஓடிவந்து சரி செய்பவர், மெருகேற்றிச் சாயம் தோய்ப்பவர் என்று பட்டியல் நீள்கிறது. சீவி எறியும் சவ்வும் வீணாவதில்லை. அதைக் காய்ச்சி வச்சிரப் பசை செய்கிறார்கள். சொந்தத் தொழிற்சாலை இல்லாத சிறு வியாபாரிகூடத் தோலை வாங்கி, கூலிக்குப் பதனிட்டுத் தருபவரிடம் கொடுத்து, சரக்காக்கி விற்றுவிடலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணி ஆகிய இடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் நெருங்கி அமைந்ததன் ரகசியம் இதுதான்.

ஒரே சரக்கைச் செய்பவர்கள் ஒரே இடத்தில் கூடினால் போட்டியால் அழிந்து போகமாட்டார்களா என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890-ம் வருஷத்திலேயே இதை ஆராய்ந்தார். கத்திக்குப் பேர்போன ஷெப்பீல்டு போன்ற ஊர்களைக் கண்டு, இத்தகைய கூட்டத்தால் மூன்று நன்மைகள் விளைவதை அவர் விளக்கினார். வேலை தெரிந்தவர்கள் எப்போதும் கிடைப்பார்கள் என்பது ஒன்று. கருவியும் சரக்கும் தரும் துணைத் தொழில்கள் பக்கத்திலேயே தோன்றும் என்பது மற்றொன்று. ஒருவர் கண்ட புதிய யுக்தி மற்றவர்களுக்கும் தானாகப் பரவும் என்பது மூன்றாவது. நவராத்திரிக் காலத்தில் ஒரே தெருவில் பத்துப் பொம்மைக் கடைகள் கூடும்போது பத்துப் பேருக்கும் வியாபாரம் நடப்பதை நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவார்கள். அதே நியாயந்தான் இது.

பல்லாவரத்தின் சுற்றம் பெரும்பாலும் தானாகக் கூடியது. முன்யோசனையுடன் கட்டப்பட்ட சுற்றமும் உண்டு. சுதந்திரத்துக்குப் பின், மோட்டார் வாகனங்களின் உறுப்புக்களை இந்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று நம் சர்க்கார் வற்புறுத்தியது. அதன் பயனாக 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் டி. வி. எஸ். குழுவினர் சக்கரத்துக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, மின்சார உறுப்புக்களுக்கு ஒன்று என்று தனித்தனித் தொழிற்சாலைகளை வரிசையாக எழுப்பினார்கள். ஒன்றுக்கொன்று போட்டியான மோட்டார் கம்பெனிகளுக்கெல்லாம் இவை பொதுவாகச் சரக்கு வழங்கின. 1996-ம் வருஷத்தில் கொரியா தேசத்து ஹூண்டாய் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்தபோது, தனக்கு உறுப்புக்கள் செய்து கொடுத்த கொரியக் கம்பெனிகள் பலவற்றையும் உடன் அழைத்து வந்தது. சீர்வரிசையோடு புகுந்த வீட்டுக்கு வரும் மணப்பெண் போல!

இப்படிச் சுற்றத்தைக் கட்டும் பெரிய கம்பெனிக்கு என்ன லாபம்? எல்லா உறுப்புக்களையும் தானே செய்ய வேண்டிய முதலீடு மிச்சமாகிறது. சரக்கு அருகிலிருந்து வேளைக்கு வந்து சேருவதால் பெரிய கிடங்குகள் தேவைப்படுவதில்லை. ஒவ்வோர் உறுப்பையும் அதிலேயே கைதேர்ந்தவர் செய்வதால் தரம் உயர்கிறது. சிறிய தொழிற்சாலைக்கும் லாபம் இல்லாமல் இல்லை. பெரிய கம்பெனி வரைபடம் தருகிறது. அளவும் நுட்பமும் கற்பிக்கிறது. ஆண்டு முழுவதும் வேலைக்கு உறுதி சொல்கிறது. இப்படிக் கற்றுத் தேர்ந்தவர்கள் உலகச் சந்தைக்கும் போகிறார்கள். பாடியில் ஆணியும் மரையும் செய்யத் தொடங்கிய சுந்தரம் பாஸ்டனர்ஸ் கம்பெனி, 1990-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது.

ஆயினும் உறவு என்றால் அதில் உயர்வு தாழ்வு புகுந்துவிடுகிறது. பெரியவரை நம்பிச் சிறியவர் கடன் வாங்கி யந்திரம் போடுகிறார். பெரியவர் மனம் மாறினால் சிறியவர் கதி என்ன? மறைமலை நகரில் கார் செய்து வந்த போர்டு கம்பெனி, 1990-களில் பெரும் வரவேற்புடன் வந்தது. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021-ம் வருஷத்தில் அறிவித்து, 2022-ல் நிறுத்தியும் விட்டது. கம்பெனித் தொழிலாளர்களுக்காவது தொகை பேச ஒரு சங்கம் இருந்தது. அந்தக் காரின் அளவுக்கென்றே அச்சு வார்த்து வைத்திருந்த சிறு தொழிற்சாலைக்காரர், அந்த அச்சை வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்?

பணம் தாமதமாவது மற்றொரு துன்பம். சரக்கு வேளைக்கு வர வேண்டும் என்று கண்டிப்பாக இருக்கும் கம்பெனிகளில் சில, பணம் கொடுக்கும் வேளையை மறந்துவிடுகின்றன. சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கூட்டு வட்டியுடன் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. நல்ல சட்டமே. ஆனால் தனக்கு வேலை கொடுப்பவர் ஒருவரே என்ற நிலையில், அவர்மீது புகார் எழுதச் சிறியவருக்குக் கை எழுவதில்லை. ஒரே கிளையை நம்பிப் படர்ந்த கொடிக்கு அந்தக் கிளையே ஆபத்து.

இவற்றைக் காட்டிலும் பெரிய பாடம் ஒன்றைக் கற்பதற்கு மறுபடியும் பல்லாவரத்துக்கே திரும்ப வேண்டும். அந்தப் பாடத்தைக் கற்பித்தது தண்ணீர். தோல் தொழிலுக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். சுண்ணாம்பும் உப்பும் குரோமும் கலந்த அந்த நீர் எங்கேனும் போயாகவும் வேண்டும். தமிழ் நாட்டுத் தோல் பேட்டைகள் பலவற்றில் அது வாய்க்காலிலும் ஏரியிலும் நிலத்திலும் கலந்தது. கிணற்று நீர் கரித்தது. எந்தக் கிணற்றின் சாலுக்காகக் குரோம் தோல் இந்த நாட்டில் முதலில் செய்யப்பட்டதோ, அந்தக் கிணறே கெட்டுப் போயிற்று. வியாபாரிக்கும் முதலாளிக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் கணக்குப் புத்தகத்தில் பக்கங்கள் இருந்தன. கிணற்றுக்காரருக்குப் பக்கம் இல்லை. அவர் சுற்றத்தில் சேராத பந்துவாக வாசலிலேயே நின்றார். தோலைத் தூக்கிச் சுமந்து, நாற்றத்தில் நின்று வேலை செய்த தொழிலாளியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அவர் பதனிட்ட செருப்பை அணிந்து நடந்த சமூகம், அவர் தொழிலையும் குலத்தையும் நெடுங்காலம் இழிவாக நினைத்தது.

வேலூர்ப் பிரஜைகள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தோல் தொழிலால் நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் ஏராளமானவர்களுக்கு வேலையும் கிடைப்பதை நீதிபதிகள் ஒப்புக் கொண்டார்கள். ஆனால் அதன் பொருட்டு நீரையும் நிலத்தையும் பாழாக்க உரிமை இல்லை என்றும், கேடு விளைவித்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்றும் தெளிவாக விதித்தார்கள். அந்த மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட நேர்ந்தது.

இங்கேதான் தொழிற் சுற்றத்தின் உண்மையான வலிமை வெளிப்பட்டது. கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தைத் தனியொரு சிறு தொழிற்சாலை கட்டிவிட முடியாது. பல்லாவரம் பகுதியில் தோல் பதனிடுவோர் 1990-களில் ஒன்றாகக் கூடி, அதற்கென ஒரு கம்பெனியை ஏற்படுத்திப் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் அமைத்தார்கள். விலையில் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்கள் செலவில் பங்காளிகளானார்கள். தோலுடன் வரும் உப்பு நீரில் கரைந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பினால் அது நீங்குவதில்லை. ஆகையால் வேலை முற்றிலும் முடிந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் லாபத்தைப் பகிர்ந்தவர்கள் பொறுப்பையும் பகிரலாம் என்பதற்கு அது ஒரு தொடக்கம்.

பல்லாவரமும் குரோம்பேட்டையும் 2021-ம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தன. இந்தப் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் இருந்து ஆயிரக் கணக்கான இளைஞர்களும் பெண்களும் கம்பெனி வேலைக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். புதிய தொழிற்சாலை ஒன்று வரப் போகிறது என்று பத்திரிகையில் படித்தால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை பேருக்கு வேலை?" என்பதே. அது நியாயமான கேள்வி. அதோடு இன்னும் சில கேள்விகளையும் நாம் பழகிக் கொள்ள வேண்டும். அதற்கு உறுப்புச் செய்து கொடுப்பவர் நம்மவரா? அவருக்குப் பணம் எத்தனை நாளில் கிடைக்கும்? அந்தக் கம்பெனி ஒருநாள் போய்விட்டால், இங்கே கற்றுக் கொடுத்த வித்தை எவ்வளவு மிஞ்சும்? அதன் தண்ணீர் எங்கே போகும்?

சுதேசி என்பது சரக்கில் ஒட்டியிருக்கும் சீட்டோடு முடிவதன்று. நம் மண்ணில் முளைத்த தொழில் நம் மண்ணையும் மனிதரையும் தன் சுற்றமாக ஏற்றுக் கொண்டால்தான் அது முழுச் சுதேசி ஆகும். விருந்துக்கு எத்தனை உறவினர் வந்தார்கள் என்பதை வைத்து மட்டும் ஒரு குடும்பத்தின் பெருமையை ஊரார் அளப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர் அந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டுத்தான் அளக்கிறார்கள். கம்பெனிகளையும் நாம் அப்படியே அளப்போமாக.