மலர்ப் பள்ளத்தாக்கு

இமயமலையின் கட்வால் பகுதியிலே, பத்ரிநாதத்திற்குச் செல்லும் பெருவழியினின்று சிறிது விலகி, மலர்ப் பள்ளத்தாக்கு எனப் பெயர் பெற்ற மலைப் புல்வெளி ஒன்று உளது. 1931-ஆம் ஆண்டில் காமெட் சிகரத்தின்மேல் ஏறி மீண்ட பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயரும் அவர்தம் தோழரும், பியூந்தார்க் கணவாயைக் கடந்து இறங்குகையில் இதனைக் கண்டனர். ஸ்மைத் 1937-இல் மீண்டும் வந்து தங்கி, பின்னர் எழுதிய நூலே இதனை உலகறியச் செய்தது. அவர் இதனைக் 'கண்டுபிடித்தார்' என்று கூறுவாருமுளர். தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடு மேய்த்தவர்கள் அதனைக் கேட்பின் நகைப்பர் போலும்!

கோவிந்தகாட்டினின்று புல்னா என்னும் சிற்றூர் வரை வண்டி செல்லும். அப்பால் காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். ஹேம்குண்டம் செல்லும் சீக்கிய யாத்திரிகர்க்கும் இதுவே வழியாதலின் சந்தடி மிகுதி. காங்கரியாவைக் கடந்ததும் பாதை இரண்டாகப் பிரிகின்றது. இடப்பக்கம் திரும்பினால் சந்தடி ஒழியும். புஷ்பவதி நதியின் பாலத்தைக் கடந்து, முன்னோர் ஏடாகக் கொண்ட பட்டையையுடைய பூர்ஜ மரங்களினூடே செங்குத்தாக ஏறின், சுமார் 3,500 மீட்டர் உயரத்திலே வெளி விரிகின்றது. உள்ளே இரவு தங்குதல் கூடாது. மாலைக்குள் காங்கரியாவுக்கு மீளல் வேண்டும். செடி திரட்டுதற்கு இங்கிலாந்தினின்று வந்து, 1939-இல் பாறையினின்று வழுக்கி வீழ்ந்து உயிர்நீத்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் பெண்மணியின் கல்லறையும் இவ்வெளியிலேயே உளது.

எல்லா மலர்களையும் ஒரே நாளிற் காணலாம் என்று கருதிச் செல்வோர் ஏமாறுவர். ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருத்தலின், செடிகள் முளைத்துப் பூத்து விதையீனக் கிடைப்பன சில திங்களே; ஆதலின் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து பூக்கின்றன. ஜூலை, ஆகஸ்டு மழைக்காலமே சிறந்தது. நம் வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையின் உறவான செடி அங்கே ஆளுயரம் வளர்ந்து இளஞ்சிவப்பாகப் பூக்கின்றது. பாறையிடுக்குகளில் முள்ளடர்ந்த நீலக் கசகசாப்பூவைத் தேடிக் காணல் வேண்டும். பிரம்மகமலமோ இன்னும் உயரத்தில் மலர்வது. பெயரளவிலன்றி அது தாமரையன்று, சூரியகாந்திக் குடும்பத்தது.

நிற்க. 1982-இல் இப்பள்ளத்தாக்கு 87.5 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள தேசியப் பூங்காவாக்கப்பட்டு, மேய்ச்சல் தடுக்கப்பட்டது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. ஆடுகள் நீங்கின், மலர்கள் பெருகும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் போலிகோனம் என்னும் உயர்ந்த புதர்ச்செடி பல இடங்களிற் பரவிச் சிறு செடிகளை நிழலில் அமிழ்த்திற்று. மேய்ச்சல் நின்றமையே காரணம் என்பர் ஒரு சாரார். மண்சரிவும் பனிச்சரிவும் குலைத்த நிலத்திலேயே அது மிகுகின்றது என்பர் மற்றொரு சாரார். வேலியிட்டு விலகி நிற்றல் மட்டுமே காத்தலாகாது என்பதே எம் கருத்து. மேய்ச்சல் நிலத்தை இழந்த கிராமத்தாருட் பலர் இன்று விடுதி நடத்தியும் சுமை சுமந்தும் பிழைக்கின்றனர். போலிகோனத்தைப் பிடுங்கும் வேலையும் அவர்களைக் கொண்டே நடைபெறுகின்றது. எளிய வேலையன்று அது. நிலத்தடித் தண்டின் ஒரு துண்டு மண்ணில் தங்கினும், மறு ஆண்டு மீண்டும் தளிர்த்துவிடும்.