சுட்ட மண்ணில் கிரேக்கப் புராணம்

கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் குயவர்கள் வனைந்த ஜாடிகளும் கிண்ணங்களும் கிரேக்கப் புராணத்தை அறிய முதன்மைச் சான்றுகள். அக்காலத்துப் பலகை ஓவியங்களும் சுவரோவியங்களும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. சுட்ட மண் உடையும், ஆனால் மக்குவதில்லை. திராட்சை மதுவில் தண்ணீர் கலக்கும் கொப்பரை, எண்ணெய் ஜாடி, தண்ணீர்க் குடம் எனப் புழங்கு பாத்திரங்களிலேயே கடவுளரும் வீரர்களும் இடம்பிடித்தார்கள். இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் இவற்றை விரும்பி வாங்கி, இறந்தவர்களோடு கல்லறையில் வைத்தார்கள். முழுமையாகக் கிடைத்த சிறந்த ஜாடிகள் பலவும் அந்தக் கல்லறைகளிலிருந்து வந்தவையே.

கறுப்பும் சிவப்பும்

ஜாடியில் பளபளக்கும் கறுப்பு, சாயம் அல்ல. இரும்புச் சத்துள்ள களிமண்ணை நன்றாகத் தெளியவைத்து எடுத்த குழம்பு. சூளையில் முதலில் காற்றோட்டத்தோடு எரிக்கும்போது பாத்திரம் முழுவதும் சிவக்கும். பிறகு காற்றுவழியை அடைத்ததும் புகைமூட்டத்தில் எல்லாமே கறுக்கும். மீண்டும் காற்றை விட்டால் வெறும் மண் சிவப்புக்குத் திரும்பும்; குழம்பு பூசிய இடமோ இறுகிவிட்டதால் கறுப்பாகவே நிற்கும்.

கொரிந்து நகரில் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் உருவான கறுப்புருவப் பாணியில் உருவத்தைக் குழம்பால் தீட்டி, நுணுக்கங்களை ஊசிமுனையால் கீறினார்கள். கி.மு. 530 – 520 வாக்கில் ஏதென்ஸில் இது தலைகீழானது. பின்னணி கறுப்பு, உருவம் சிவப்பு. கீறலுக்குப் பதில் தூரிகை வந்ததால் தசையின் திரட்சியும் ஆடையின் மடிப்பும் இயல்பாக வந்தன.

ஓவியர் தேர்ந்த கணம்

ஓவியத்தில் சிங்கத்தோலும் கதாயுதமும் இருந்தால் அவர் வீரர் ஹெராக்ளீஸ். தலைக்கவசமும் ஈட்டியும் தாங்கிய பெண் என்றால் தெய்வம் அதீனா. ஐயம் வராதபடி பல நேரம் பெயரையும் எழுதினார்கள். சுமார் கி.மு. 570-இல் எர்கோடிமோஸ் வனைந்து கிளெய்டியாஸ் தீட்டிய 'பிரான்சுவா ஜாடி' 66 செ.மீ. உயரம்தான். அதில் ட்ராய் போரின் வீரர் அக்கிலீஸின் பெற்றோர் திருமண ஊர்வலம், காலிடோன் பன்றி வேட்டை என இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இது இப்போது புளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அடுத்த தலைமுறை ஓவியர் எக்சேகியாஸ் இந்த நெரிசலைக் கைவிட்டார். வத்திக்கானில் உள்ள அவரது ஜாடியில் இரண்டே பேர்: அக்கிலீஸ், அவரது தோழர் அஜாக்ஸ். ட்ராய் போரின் இடைவேளையில் ஈட்டியைத் தோளில் சாய்த்தபடி ஆட்டப் பலகைமேல் குனிந்திருக்கிறார்கள். அக்கிலீஸின் வாயருகே 'நான்கு', அஜாக்ஸின் வாயருகே 'மூன்று' என்று எழுத்து. ஜெயிப்பவர் அக்கிலீஸ். அவர் ட்ராயில் மடிவார், உடலைச் சுமந்து வருபவர் இதே அஜாக்ஸ், பின்னர் அவரும் தன் வாளாலேயே சாவார் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஹோமரின் காவியங்களில் இந்த ஆட்டம் இல்லை.

யூஃப்ரோனியோஸ் சுமார் கி.மு. 515-இல் தீட்டிய கொப்பரையில், கடவுளரின் அரசர் ஸியூஸின் மகன் சார்பெடனின் உடலை உறக்கமும் மரணமும் இறக்கைகொண்ட வீரர்களாக வந்து தூக்குகின்றன. இத்தாலியக் கல்லறையிலிருந்து திருடப்பட்ட அந்தப் பாத்திரத்தை 1972-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கியது. 2008-இல் அது இத்தாலிக்குத் திரும்பியது.

நூலில் இல்லாத கதை

ஆட்டின் தங்க ரோமத்தைக் காத்த பாம்பை இளவரசி மெடியா மயக்கித் தூங்கவைக்க, வீரர் ஜேசன் ரோமத்தைக் கவர்ந்தார் என்பதே நூல்களில் பரவலாக உள்ள கதை. சுமார் கி.மு. 480 – 470-இல் டூரிஸ் தீட்டிய கிண்ணத்தில் மெடியாவே இல்லை. பாம்பின் வாயிலிருந்து ஜேசன் கைகள் துவண்டு பாதி வெளியே தொங்குகிறார். பின்னால் மரத்தில் ரோமம். எதிரே அதீனா நிற்கிறார். பாம்பு ஜேசனை விழுங்கிக் கக்கியதாக எஞ்சிய நூல் எதுவும் கூறவில்லை. அருகே எழுதிய பெயர் இல்லையென்றால் அவரை அடையாளமே கண்டிருக்க முடியாது. பாத்திர ஓவியர்கள் கவிஞர்களுக்குப் படம் போட்டவர்கள் அல்லர், அவர்களும் கதைசொல்லிகளே.